பில் வால்ஷ், ஆட்டத்தை மாற்றிய பயிற்சியாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில் வால்ஷ் யார்? அவரைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 1979 முதல் 1988 வரை பத்துப் பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அவர் பொறுப்பேற்பதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றிருந்தது. மூன்றாம் ஆண்டிலேயே அதைச் சாம்பியனாக்கினார். விலகும்போது, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் மூன்று வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன. 1993இல், இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் இடம்பெற்றது.

வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவருக்கு மேலே பலர் இருக்கிறார்கள். டான் ஷூலா 347 ஆட்டங்களில் வென்றவர். வால்ஷ் வென்றவை, பருவம் முடிந்தபின் நடக்கும் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்று ஆட்டங்களையும் சேர்த்து, 102தான். ஆனாலும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் இன்றைய அணிகள் பந்தை எறியும் விதத்தைப் பாருங்கள். வால்ஷின் தடம் இல்லாத அணியைக் கண்டுபிடிப்பது கடினம். அவரை நான் முதலில் ஓர் ஆசிரியராகவே பார்க்கிறேன். வியூகமும் கோப்பைகளும் அந்தக் கற்பிக்கும் திறமையிலிருந்து பிறந்தவை.

இந்த ஆட்டமே எனக்குத் தெரியாது. எந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்?

மிகக் கொஞ்சம் போதும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம், அகலம் ஏறத்தாழ 53 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், அல்லது எறியலாம். எறிபவர் குவார்ட்டர்பேக். அவருடைய முடிவுகளைச் சுற்றித்தான் தாக்குதல் முழுவதும் சுழல்கிறது.

வால்ஷின் காலத்துக்கு முன்பு பெரும்பாலான பயிற்சியாளர்கள் நம்பியது ஓட்டத்தை. முதலில் ஓடு, எதிரணி நெருங்கி வந்ததும் தொலைதூரத்துக்கு எறி என்பதே பாடம். எறிவது ஆபத்தான வேலை என்று கருதப்பட்டது. அந்த எண்ணத்தைத்தான் வால்ஷ் தலைகீழாக மாற்றினார்.

அவர் எங்கிருந்து வந்தார்?

1931 நவம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். பள்ளிக் கல்வியைச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஹேவர்டில் முடித்தார். சான் ஹோசே ஸ்டேட் கல்லூரியில் படித்தபோது அணியில் ஆடினாலும் பெரிய ஆட்டக்காரராக அறியப்படவில்லை. குத்துச்சண்டையும் பழகியிருந்தார். முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடும் கால்பந்துத் தடுப்பு முறையைப் பற்றியதுதான். பிற்காலத்தில் தாக்குதலுக்குப் பெயர் பெற்றவர், தடுப்பை ஆராய்ந்து தொடங்கினார்.

1957இல் ஃப்ரீமாண்ட் நகரின் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளரானார். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்வ் லெவியிடமும், ஸ்டான்ஃபோர்டில் ஜான் ரால்ஸ்டனிடமும் உதவிப் பயிற்சியாளர். 1966இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ். அடுத்த ஆண்டு சான் ஹோசே அபாச்சிஸ் என்ற சிறிய லீக் அணி. என்.எஃப்.எல். அணி ஒன்றின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது வயது 47. அந்தக் காத்திருப்பை மறந்துவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

சின்சினாட்டியில் என்ன நடந்தது? அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்கிறார்களே?

ஆம். அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான எட்டு ஆண்டுகள் அவை என்று நினைக்கிறேன்.

1968இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற புதிய அணியைப் பால் பிரவுன் உருவாக்கினார். பிரவுன் அந்த ஆட்டத்தின் பெரிய ஆசான்களில் ஒருவர். வகுப்பறைப் பாடம், எழுத்துத் தேர்வு, ஆட்டப் படங்களை ஆராய்வது என்று பயிற்சியை ஒழுங்கான கல்வியாக மாற்றியவர். அவரிடம் வால்ஷ் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

1969இல் கிரெக் குக் என்ற இளைஞர் குவார்ட்டர்பேக்காக வந்தார். அசாத்தியமான கைவலிமை. முதல் ஆண்டிலேயே தன் லீகில் எறிதலில் முதலிடம். ஆனால் அதே பருவத்தில் தோளில் பட்ட காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையை ஏறத்தாழ முடித்துவிட்டது. தான் பார்த்தவர்களிலேயே மிகத் திறமையானவர்களில் ஒருவர் என்று குக்கை வால்ஷ் கடைசிவரை நினைவுகூர்ந்தார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் வர்ஜில் கார்ட்டர். கை வலிமை குறைவு. 50 கெஜத்துக்கு எறிந்து ஆட்டத்தைத் திருப்பக்கூடியவர் அல்ல. ஆனால் குறிதவறாதவர், வேகமாக யோசிப்பவர், நகர்ந்துகொண்டே எறியத் தெரிந்தவர். அணியோ மூன்றாம் ஆண்டில் இருந்த குழந்தை. எதிரணியை முட்டித் தள்ளி ஓடும் பலம் அதற்கு இல்லை. ஓடவும் முடியாது, தொலைவுக்கு எறியவும் முடியாது என்றால் என்ன செய்வது?

வால்ஷ் மைதானத்தின் அகலத்தைப் பயன்படுத்தினார். குறுகிய தூர எறிதல்கள், பக்கவாட்டில் பரவும் ஓட்டப் பாதைகள், பிடித்தவர் ஓடிச் சேர்க்கும் கூடுதல் கெஜங்கள். 1970இல் முதல் ஏழு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றிருந்த அணி, மீதி ஏழையும் வென்று தன் பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு எறிந்த பந்துகள் சேர்ந்த விகிதத்தில் லீகிலேயே கார்ட்டர்தான் முதல். எல்லாரும் இல்லாததை எண்ணிக் கவலைப்பட்ட இடத்தில், கார்ட்டரிடம் இருந்ததை மட்டும் வைத்து ஒரு முழு முறையை அவர் கட்டினார். இதைவிடச் சிறந்த ஆசிரியப் பணி விளையாட்டு வரலாற்றில் குறைவு.

பிறகு அகஸ்டானா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த கென் ஆண்டர்சனை வளர்த்தார். 1974, 1975 இரண்டு பருவங்களிலும் குவார்ட்டர்பேக் தரவரிசையில் ஆண்டர்சன் முதலிடம்.

‘வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்’ என்பது இந்த முறையைத்தானா? அது எப்படி வேலை செய்கிறது?

இதைத்தான். பெயரில் மேற்குக் கரை இருந்தாலும் முறை பிறந்தது ஒஹாயோ மாநிலத்தில். பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

அதன் உயிர் நேரத்தில் இருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் மூன்று காலடி அல்லது ஐந்து காலடி பின்வாங்குகிறார். அதே நேரத்தில் பந்தைப் பிடிக்க வேண்டியவர் தன் பாதையில் இத்தனை கெஜம் ஓடி, இந்தப் புள்ளியில் திரும்ப வேண்டும் என்பது வகுக்கப்பட்டிருக்கும். எறிபவரின் கடைசி அடியும் பிடிப்பவரின் திருப்பமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பல நேரங்களில் பிடிப்பவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போய்விடும். மிருதங்கமும் பாட்டும் சமத்தில் வந்து சேர்வதைப் போன்ற கணக்கு அது.

இரண்டாவது, பார்வையின் வரிசை. முதலில் இவரைப் பார். அவரைத் தடுப்பாளர் மறைத்திருந்தால் அடுத்தவரை. அவரும் இல்லை என்றால் பக்கத்தில் காத்திருக்கும் ஓட்டக்காரரிடம் சிறிய எறிதல். மூன்று பேரும் ஒரே பார்வைக் கோட்டில் அடுத்தடுத்து வருமாறு பாதைகள் வரையப்பட்டிருக்கும். குவார்ட்டர்பேக் மைதானம் முழுவதும் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, துல்லியம். பந்து பிடிப்பவரின் கைக்குப் போனால் போதாது. ஓட்டம் குறையாமல் பிடிக்கும் வகையில், உடலுக்குச் சற்று முன்னால் போக வேண்டும். பின்னால் போன பந்தைப் பிடித்துவிட்டாலும் வால்ஷ் பயிற்சியில் அதைத் தவறு என்றே கருதினார். எட்டு கெஜத்துக்கு எறிந்த பந்து நாற்பது கெஜ ஆதாயமாக மாறுவது இந்த நுணுக்கத்தால்தான்.

இதனால் ஓட்டக்காரர்களும் பந்து பிடிப்பவர்களாக மாறினார்கள். 1985இல் ரோஜர் கிரெய்க் ஓடி 1,000 கெஜத்துக்கு மேலும், பிடித்து 1,000 கெஜத்துக்கு மேலும் ஒரே பருவத்தில் சேர்த்தார். என்.எஃப்.எல். வரலாற்றில் அவருக்கு முன்பு யாரும் அதைச் செய்ததில்லை.

இவ்வளவு செய்தவருக்குச் சின்சினாட்டியின் தலைமைப் பொறுப்பு ஏன் கிடைக்கவில்லை?

1975 பருவம் முடிந்ததும் பால் பிரவுன் பயிற்சியாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்தவர் தான்தான் என்று வால்ஷ் எதிர்பார்த்திருந்தார். பிரவுன் தேர்ந்தெடுத்தது பில் ஜான்சன் என்ற மற்றோர் உதவிப் பயிற்சியாளரை. அது வால்ஷுக்கு ஆறாத காயம். வேறு அணிகளில் வாய்ப்பு வந்தபோதும் பிரவுன் தன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லவில்லை என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே குறிப்பிட்டார்.

மறுநாளே புகழ் வந்து கதவைத் தட்டவில்லை. 1976இல் சான் டியேகோ சார்ஜர்ஸில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்து டான் ஃபவுட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கைச் செதுக்கினார். 1977, 1978இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர். இரண்டு ஆண்டுகளிலும் பருவ இறுதிப் பவுல் ஆட்டத்தில் வெற்றி. அதன் பிறகுதான் ஃபார்ட்டிநைனர்ஸ் உரிமையாளர் எடி டிபார்டலோ அவரை அழைத்தார்.

ஃபார்ட்டிநைனர்ஸில் தொடக்கம் எப்படி இருந்தது?

கொடுமையாக இருந்தது. 1979இலும் இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி. கடைசி இடத்தில் முடிந்த அணிக்குக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைக்கும். 1979 டிராஃப்டில் கிடைத்திருக்க வேண்டிய அந்த வாய்ப்பையும் முந்தைய நிர்வாகம், ஆட்ட வாழ்வின் கடைசியில் இருந்த ஓ.ஜே. சிம்சனை வாங்குவதற்காக பஃபலோ அணிக்குக் கொடுத்துவிட்டிருந்தது.

1980இல் முதல் மூன்று ஆட்டங்களில் வென்றார்கள். பிறகு தொடர்ந்து எட்டுத் தோல்விகள். அவற்றில் டல்லஸிடம் 59-14 என்ற அவமானமும் ஒன்று. எட்டாவது தோல்வி மயாமியில். அங்கிருந்து திரும்பும் விமானத்தில் இருளில் உட்கார்ந்து அழுததாகவும், பதவியை விட்டுவிடத் தீர்மானித்ததாகவும் வால்ஷ் பிற்காலத்தில் சொன்னார். விமானம் தரையிறங்குவதற்குள் மனத்தை மாற்றிக்கொண்டார். அடுத்த மூன்று ஆட்டங்களில் வெற்றி. மூன்றாவது நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக: பாதி ஆட்டத்தில் 35-7 என்று பின்தங்கியிருந்த அணி, கூடுதல் நேரத்தில் 38-35 என்று வென்றது. சாம்பியன் அணி உருவானது அன்றுதான் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

தோற்றுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் என்ன கற்பித்தார்?

இத்தனை ஆட்டங்களில் வெல்வோம் என்று இலக்கு வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற தரத்தை மட்டும் வகுத்தார். அது ஆட்டக்காரர்களோடு நிற்கவில்லை. அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்பதுவரை எழுதி வைத்தார். பயிற்சியில் சட்டை ஒழுங்காகச் செருகியிருக்க வேண்டும், மைதானத்தில் யாரும் உட்காரக்கூடாது. பந்தை வீசும் கோணத்துக்கும் அலுவலக மேசையின் ஒழுங்குக்கும் ஒரே அளவு கவனம்.

அந்தக் காலப் பயிற்சியாளர்களில் பலர் கத்தி விரட்டுபவர்கள். பயிற்சியிலேயே ஆட்டக்காரர்களை மோதவிட்டு உடம்பை நொறுக்குபவர்கள். வால்ஷ் மோதலைக் குறைத்தார், பயிற்சி நேரத்தைச் சுருக்கினார், ஒவ்வொரு நிமிடத்தையும் திட்டமிட்டார். புதியவர்களைக் கொடுமைப்படுத்தும் வழக்கத்தையும் அனுமதிக்கவில்லை.

இறுக்கமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1982 ஜனவரியில் முதல் சூப்பர் பவுலுக்காக அணி டெட்ராய்ட் ஹோட்டலில் வந்து இறங்கியபோது, அங்கே சுமைதூக்கும் ஊழியரின் சீருடையில் ஒருவர் ஆட்டக்காரர்களின் பைகளைப் பிடுங்க முயன்றார். குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா பையை விடாமல் இழுத்தார். சற்று நேரம் கழித்துத்தான் அது வால்ஷ் என்று தெரிந்தது. வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு வந்த இளைஞர்களின் பதற்றத்தைப் போக்க இதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை.

ஜோ மொன்டானாவைக் கண்டுபிடித்தது அவர்தானா?

மொன்டானா நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். யாரும் அறியாதவர் அல்ல. ஆனால் கைவலிமை போதாது என்று மற்ற அணிகள் தயங்கின. 1979 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில், 82ஆவது ஆளாக வால்ஷ் அவரை எடுத்தார். வர்ஜில் கார்ட்டரை வைத்து ஒரு முறையையே உருவாக்கியவருக்குக் கைவலிமை ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அவர் பார்த்தது மொன்டானாவின் பாதங்களை. அவை அசையும் வேகத்தையும் நளினத்தையும்.

உடனே களத்தில் தள்ளிவிடவில்லை. ஸ்டீவ் டிபெர்க் ஆடிக்கொண்டிருக்க, வெற்றி கிடைக்கும் வாய்ப்புள்ள தருணங்களில் மட்டும் மொன்டானாவை இறக்கி, தன்னம்பிக்கையைச் சிறிது சிறிதாக ஊட்டினார். 1980இன் பிற்பகுதியில்தான் முழுப் பொறுப்பு கொடுத்தார்.

ட்வைட் கிளார்க் கிடைத்த கதை இன்னும் அழகு. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபுல்லர் என்ற குவார்ட்டர்பேக்கைச் சோதிக்க வால்ஷ் போனார். அவருடைய அறைத்தோழர் கிளார்க், பந்தைப் பிடித்துக் கொடுக்க உடன் வந்தார். வால்ஷின் கண் பிடிப்பவர்மேல் விழுந்தது. பத்தாம் சுற்றில் எடுத்தார்.

ஜெர்ரி ரைஸை 1984இல் ஹூஸ்டன் ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் தற்செயலாகப் பார்த்தார். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி. ஓட்டவேகம் போதாது என்று பலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வால்ஷ் பரிமாற்றம் செய்து மேலே வந்து 16ஆவது ஆளாக அவரை எடுத்தார். பிடிப்பவர்களின் சாதனைப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றின் உச்சியில் இன்றுவரை ரைஸ்தான் இருக்கிறார்.

‘தி கேட்ச்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

1982 ஜனவரி 10, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். சூப்பர் பவுலுக்குப் போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். எதிரில் டாம் லாண்ட்ரியின் டல்லஸ் கௌபாய்ஸ், 27-21 என்று முன்னிலை. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதி, பந்து ஃபார்ட்டிநைனர்ஸ் கையில், சொந்த எல்லையிலிருந்து 11 கெஜத்தில்.

எல்லாரும் எறிதலை எதிர்பார்த்து டல்லஸ் தடுப்பாளர்கள் பின்வாங்கி நின்றபோது, வால்ஷ் ஓட்டத்தையும் கலந்து பயன்படுத்தினார். ஆறு கெஜ தூரத்தில், 58 விநாடி இருக்கையில், அவர் சொன்ன நகர்வு அன்று முதல் கால்பகுதியிலேயே ஃப்ரெடி சாலமனுக்கு டச்டவுன் கொடுத்த அதே நகர்வு. இம்முறை சாலமன் வழுக்கினார். மொன்டானா வலப்பக்கமாக ஓடிக்கொண்டே, மூன்று தடுப்பாளர்கள் துரத்த, கடைசிக் கோட்டருகே மேலே எறிந்தார். கிளார்க் தாவி விரல்நுனியில் பிடித்தார். 28-27.

அது அதிர்ஷ்டம் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் முதல் ஆள் இல்லாவிட்டால் கிளார்க் அந்த இடத்துக்கு வருவார், பந்து அவரால் மட்டுமே எட்டக்கூடிய உயரத்தில் போக வேண்டும் என்பது பயிற்சியில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலில் 26-21 என்று வென்றார்கள். தோற்றது சின்சினாட்டி. அதன் குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சன், அதன் தலைவர் பால் பிரவுன்.

ஓர் ஆட்டத்தின் முதல் 25 நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைப்பாராமே?

உண்மை. சின்சினாட்டியில் சில தொடக்க நகர்வுகளோடு ஆரம்பித்த பழக்கம் சான் பிரான்சிஸ்கோவில் 25 வரை வளர்ந்தது. காரணம் எளிது: எண்பதாயிரம் பேர் கூச்சலிடும்போது, குளிரில், தோற்றுக்கொண்டிருக்கும்போது மனம் தெளிவாக யோசிக்காது. வாரத்தின் நடுவில் அமைதியான அறையில் எடுத்த முடிவே மேலானது. முந்தைய இரவே பட்டியல் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன வரப்போகிறது என்ற நிம்மதியோடு தூங்கப் போவார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு அமைப்புக்கும் எதிரணி எப்படி நகர்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் அதற்கு ஏற்ற நகர்வைக் கொண்டுவருவார். பட்டியலை அடிமைபோலப் பின்பற்றவும் இல்லை. தேவைப்பட்டால் விலகிவிட்டு மீண்டும் திரும்புவார். இன்று ஏறத்தாழ எல்லா அணிகளும் இதைச் செய்கின்றன.

அவருடைய மிகச் சிறந்த அணி எது?

1984. பருவத்தில் 15 வெற்றி, ஒரே தோல்வி. சூப்பர் பவுலில் எதிரி, டான் ஷூலாவின் மயாமி டால்ஃபின்ஸ். அந்த ஆண்டில் 48 டச்டவுன்களை எறிந்து சாதனை படைத்த டான் மரீனோவைப் பற்றியே நாடு பேசிக்கொண்டிருந்தது. ஆட்டம் ஸ்டான்ஃபோர்டு மைதானத்தில். முடிவு 38-16. மொன்டானா 331 கெஜம் எறிந்தார், ரோஜர் கிரெய்க் மூன்று டச்டவுன் அடித்தார்.

தாக்குதலைப் பற்றியே பேசிப் பேசி, தடுப்பணியை மறந்துவிடுகிறோம். 1981 டிராஃப்டில் ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் என்று மூன்று புதியவர்களை எடுத்து, மூவரையும் முதல் ஆண்டிலேயே பின்வரிசையில் ஆடவைத்தவர் வால்ஷ். அந்தத் துணிச்சலுக்கு உரிய புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவரிடம் குறைகளே இல்லையா?

இருந்தன. எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற அதே வெறி அவரையும் தின்றது. விமர்சனம் அவரைக் கடுமையாகக் காயப்படுத்தும். 1982இல் சாம்பியன் அணி 3-6 என்று சரிந்தபோது பதவியை விட்டுவிட நினைத்தார். 1985, 1986, 1987 மூன்று ஆண்டுகளும் பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 1986இல் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 49-3. 1987இல் 13-2 என்ற கணக்கோடு வந்து மினசோட்டாவிடம் சொந்த ஊரில் தோற்றபோது, ஆட்டத்தின் நடுவே மொன்டானாவை வெளியே எடுத்து ஸ்டீவ் யங்கை இறக்கினார். அந்த ஆண்டுதான் யங்கை டாம்பா பேயிலிருந்து வாங்கியிருந்தார்.

வயதாவதற்குச் சற்று முன்பே ஆட்டக்காரரை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அணிக்கு அது நல்லது. ஆனால் அதனால் மனம் புண்பட்டவர்கள் பலர். மொன்டானாவுக்கும் யங்குக்கும் இடையே அவர் உருவாக்கிய போட்டி 1988 முழுவதும் அணியைப் பதற்றத்தில் வைத்திருந்தது. அந்தப் போட்டியால் மொன்டானா இன்னும் கூர்மையானார் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இன்னும் பொறுமையாகக் கையாண்டிருக்கலாம்.

கறுப்பினப் பயிற்சியாளர்களுக்கு அவர் என்ன செய்தார்?

அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. 1980களில் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்சியாளர்களில் ஒருவர்கூட இல்லை. 1989இல் ஆர்ட் ஷெல் பொறுப்பேற்கும் வரை நவீன காலத்தில் அந்தக் கதவு திறக்கவில்லை.

திறமை இல்லாததால் அல்ல, அறிமுகம் இல்லாததால்தான் வாய்ப்பு கிடைக்கவில்லை என்பதை வால்ஷ் கண்டார். கோடைகாலப் பயிற்சி முகாமுக்குக் கறுப்பினக் கல்லூரிப் பயிற்சியாளர்களை அழைத்து, கூட்டங்களில் உட்காரவைத்து, ஆட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டி, உண்மையான வேலைகளைக் கொடுத்தார். 1987இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை லீக் முழுவதும் ஏற்றுக்கொண்டது. இன்று அது அவர் பெயரிலேயே நடக்கிறது. மார்வின் லூயிஸ், லவி ஸ்மித், மைக் டாம்லின் ஆகியோர் அதன் வழியாக வந்தவர்கள். தன் உதவியாளர்களாக வைத்திருந்த டென்னிஸ் கிரீன், ரே ரோட்ஸ் இருவரும் பிற்காலத்தில் தலைமைப் பயிற்சியாளர்களானார்கள்.

2007 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் முதன்முறையாகக் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆடினார்கள், இரு பக்கத்திலும்: டோனி டங்கி, லவி ஸ்மித். டங்கி 1979இல் வால்ஷின் முதல் அணியில் ஆட்டக்காரராக இருந்தவர். அந்த ஆட்டத்தைப் பார்க்க வால்ஷ் உயிரோடிருந்தார்.

அவருடைய மாணவர்கள் வேறு யார் யார்?

முழுப் பட்டியல் நீளும். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் சீஃபர்ட் அதே அணியோடு இரண்டு சூப்பர் பவுல் வென்றார். மைக் ஹோம்கிரன் கிரீன் பேக்குப் போய் அந்த அணியைச் சாம்பியனாக்கினார். ஹோம்கிரனிடம் கற்றவர் ஆண்டி ரீட்; கான்சஸ் சிட்டியோடு மூன்று சூப்பர் பவுல் வென்றிருக்கிறார். வால்ஷ் தாம் கற்றதை மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய பாடக் கூட்டங்களின் ஒளிப்பதிவுகள் அடுத்த தலைமுறைப் பயிற்சியாளர்கள் கையில் சுற்றிக்கொண்டே இருந்தன.

1988க்குப் பிறகு ஏன் விலகினார்? பிறகு என்ன செய்தார்?

களைத்துப் போயிருந்தார். மூன்றாவது சூப்பர் பவுல் வென்ற சில நாட்களில் ராஜினாமா. சீக்கிரமே விலகிவிட்டதாகப் பிற்காலத்தில் வருந்தினார்; அந்த அணி அடுத்த ஆண்டும் சாம்பியனானதைப் பார்த்தவருக்கு வருத்தம் இல்லாமல் இருக்குமா?

என்.பி.சி. தொலைக்காட்சியில் வர்ணனையாளராக இருந்தார். 1992இல் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பினார். முதல் ஆண்டு சிறப்பாகவும் அடுத்த இரண்டும் மோசமாகவும் அமைந்தன. 1999இல் ஃபார்ட்டிநைனர்ஸின் பொது மேலாளராக மீண்டும் வந்து, சிதைந்துகொண்டிருந்த அணியை நிமிர்த்தினார். ரத்தப் புற்றுநோயால் 2007 ஜூலை 30 அன்று, 75 வயதில் காலமானார்.

ஓர் ஆட்டம் மட்டும் பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

1989 ஜனவரி 22, மயாமியில் நடந்த சூப்பர் பவுல். வால்ஷின் கடைசி என்.எஃப்.எல். ஆட்டம். எதிரில் மீண்டும் சின்சினாட்டி. அதன் பயிற்சியாளர் சாம் வைச், ஒருகாலத்தில் வால்ஷிடம் சின்சினாட்டியில் ஆடியவர், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கே உதவியாளராக இருந்தவர்.

கடைசி மூன்று நிமிடங்களை விட்டுவிடாதீர்கள். 16-13 என்று ஃபார்ட்டிநைனர்ஸ் பின்தங்கிய நிலை, பந்து தன் எல்லையிலிருந்து எட்டே கெஜத்தில், 3 நிமிடம் 10 விநாடி மீதி. அங்கிருந்து 92 கெஜம். பெரும்பாலும் சிறிய எறிதல்கள்தான். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே யாருக்கும் அவசரம் தெரியாது. அன்று 215 கெஜம் பிடித்திருந்த ஜெர்ரி ரைஸை நோக்கித் தடுப்பாளர்களின் கவனம் போக, 34 விநாடி இருக்கையில் பத்து கெஜத்தில் ஜான் டெய்லருக்குப் பந்து போகிறது. ஆட்டம் முழுவதும் டெய்லர் பிடித்த ஒரே பந்து அது. 20-16. பார்க்கும்போது பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல், மொன்டானாவின் கால்களைக் கவனியுங்கள்: கடைசி அடி ஊன்றியதும் எறிதல் தொடங்கிவிடும்.